அரங்கனின் நந்தவனம் தெலுங்குத் திரையில்

மார்கழி மாதத்து வைகறையில், ஈப்போ வட்டாரத்தில் பெருமாள் சந்நிதியுள்ள ஆலயங்களில் திருப்பாவையோடு சேர்த்து ஓதப்பெறும் திருப்பள்ளியெழுச்சியின் பத்துப் பாசுரங்களையும் பக்தியோடு கேட்டு நிற்கும் நம்மவரில் எத்தனை பேர், அவற்றை அருளிய தொண்டரடிப்பொடியாழ்வாரின் வாழ்க்கையைத் தெலுங்குக் கலைஞர்கள் ஒரு திரைப்படமாக வடித்துத் தந்திருக்கிறார்கள் என்பதை அறிவார்கள்? 1954ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்த 'விப்ரநாராயண' என்னும் அப்படம், தமிழ் மண்ணிலே பிறந்த ஒரு பக்த கவியைத் தெலுங்கு மக்கள் தங்கள் சொந்தச் சொத்தாகவே பாவித்துக் கொண்டாடியதற்குச் சான்றாக நிற்பது. தமிழரும் தெலுங்கரும் ஒரே தோட்டத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவந்த பேராக் மாநிலத்தில், அதனைப் பற்றி நினைவுகூர்வது பொருத்தமும் கடமையும் ஆகும் என்று கருதுகிறேன்.

படத்தைத் தயாரித்தது சென்னையில் பி. பானுமதியும் அவருடைய கணவர் பி. எஸ். ராமகிருஷ்ண ராவும் நடத்திவந்த பரணி நிறுவனம். இயக்கியவர் ராமகிருஷ்ண ராவ். விப்ரநாராயணராக அக்கினேனி நாகேஸ்வர ராவும், தேவதேவியாகப் பானுமதியும், சீடன் ரங்கராஜுவாக ரேலங்கியும் நடித்தார்கள். நாகேஸ்வர ராவுக்காகப் பாடியவர், பிற்காலத்தில் 'கல்யாணப் பரிசு' படத்தின் இசையால் தமிழ் ரசிகர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட ஏ. எம். ராஜா. இசையமைத்தவர், மறு ஆண்டிலேயே 'மிஸ்ஸியம்மா'வின் இனிய பாடல்களை நமக்களித்த எஸ். ராஜேஸ்வர ராவ். 1955இல் இப்படம் தமிழிலும் வெளிவந்தது. தெலுங்குப் படமும் தமிழ்ப் படமும் சென்னையின் அதே ஸ்டூடியோக்களிலே, பெரும்பாலும் அதே கலைஞர்களின் கையிலே உருவான காலம் அது.

கதை, வைணவ குருபரம்பரையில் வழங்குவதுதான். கும்பகோணத்தை அடுத்த திருமண்டங்குடியில் அவதரித்த விப்ரநாராயணர், இல்லறத்தை விரும்பாமல் திருவரங்கத்திலே ஒரு நந்தவனம் அமைத்து, நாள்தோறும் பூப்பறித்து மாலை தொடுத்து அரங்கனுக்குச் சாத்துவதையே தம் வாழ்வின் பிரயோஜனமாகக் கொண்டிருந்தார். உறையூரிலிருந்து திரும்பும் வழியிலே அந்தச் சோலையில் இளைப்பாறிய தேவதேவி என்னும் கணிகை, தன் அழகை ஏறெடுத்தும் பாராத அவரைத் தன் காலடியில் விழச்செய்வதாகத் தமக்கையிடம் சபதம் செய்து, ஆதரவற்றவளைப்போல் வேடம் பூண்டு நந்தவனத்துப் பணிக்கு வந்து சேர்ந்தாள். ஒரு மழை இரவில் நனைந்து நின்றவளைக் குடிலுக்குள் அழைத்த கருணையே அவருடைய வீழ்ச்சிக்கு வாயிலாயிற்று. கைப்பொருள் தீர்ந்ததும் அவளுடைய வீட்டுக் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. அடியவனின் துயரம் பொறாத அரங்கனே அவருடைய ஏவலாளனாக வந்து கோயில் பொன்வட்டிலைத் தேவதேவிக்குக் கொடுத்துச் செல்ல, மறுநாள் திருட்டுப் பழி விப்ரநாராயணர்மீது விழுந்து, இறுதியில் பெருமான் திருவருளாலேயே அது நீங்கியது.

இத்தகைய கதையைப் படமாக்குவோர்க்கு இரண்டு அபாயங்கள் உண்டு. சிருங்காரத்தை மிகுத்துப் பக்தியைப் பெயரளவுக்கு வைத்துக்கொள்வது ஒன்று; நாயகரை முதலிலிருந்தே தெய்வமாக்கி, அவர் தடுமாறுவதையும் ஒரு திருவிளையாடலாகவே காட்டி, மனித உள்ளத்தின் வேதனையை மறைத்துவிடுவது மற்றொன்று. ராமகிருஷ்ண ராவின் படம் இவ்விரண்டுக்கும் நடுவே நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டிலேதான் 'தேவதாஸ்' படத்தில் காதலால் அழிந்த ஓர் இளைஞனாக நடித்துத் தெலுங்கு நாட்டையும் தமிழ் நாட்டையும் கண்கலங்க வைத்த நாகேஸ்வர ராவ், இங்கே அதே பலவீனத்தை ஒரு பக்தனிடத்தில் காட்டுகிறார். தேவதாஸுக்குக் கிட்டாத மீட்சி விப்ரநாராயணருக்குக் கிட்டுகிறது. அதே 1954இல் 'மலைக்கள்ளன்' படத்திலே எம்.ஜி.ஆரோடு நடித்து நம்மவர்க்கு நன்கு அறிமுகமாயிருந்த பானுமதி, தேவதேவியின் கர்வத்தையும் சாகசத்தையும் எவ்வளவு நிமிர்வோடு நடிக்கிறாரோ அவ்வளவு நேர்மையோடு அவளுடைய மனமாற்றத்தையும் நடிக்கிறார். தம் பாடல்களைத் தாமே பாடுவதால், நடிப்பும் குரலும் ஒன்றோடொன்று இழைந்து நிற்கின்றன.

இப்படம் தெலுங்கில் தோன்றியது ஒரு தற்செயலான நிகழ்ச்சியன்று. ஆழ்வார்களின் சரித்திரம் ஆந்திர தேசத்திலே பல நூற்றாண்டுகளாகக் காவியப் பொருளாக விளங்கிவந்திருக்கிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் நம் ஆண்டாளையும் பெரியாழ்வாரையும் பற்றி 'ஆமுக்தமால்யதா' என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். சாரங்கு தம்மய்யா என்னும் கவி, விப்ரநாராயணரின் கதையையே 'வைஜயந்தீ விலாசம்' என்ற பெயரில் பாடினார். இந்த ஆழ்வாரைத் திருமாலின் வனமாலையின் அம்சமாகக் கொள்ளும் சம்பிரதாயமே அத்தலைப்புக்குக் காரணம். வெள்ளித்திரை வந்த பிறகு, சித்தூர் வி. நாகையா 'பக்த போதனா', 'தியாகய்யா', 'யோகி வேமனா' என்று கவிகளின் வாழ்க்கையை வரிசையாக நடித்துக் காட்டினார். தமிழ் மண்ணாகிய திருவையாற்றிலே வாழ்ந்து தெலுங்கிலே கீர்த்தனம் செய்த தியாகராஜரை நாம் போற்றுவதுபோல, தமிழிலே பாடிய தொண்டரடிப்பொடியைத் தெலுங்கர் போற்றினார்கள். இக்கொடுக்கல் வாங்கலில் எவரும் எதையும் இழக்கவில்லை; இரு சாராரும் செல்வந்தராயினர்.

அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி கப்பலேறிப் பேராக்கிற்கும் வந்தது. விசாகப்பட்டினம் முதலிய வடகரை மாவட்டங்களிலிருந்து வந்த தெலுங்கு மக்கள், கீழ்ப் பேராக்கில், குறிப்பாகப் பகான் டத்தோ பகுதியின் தென்னந்தோட்டங்களில், மிகுதியாகக் குடியேறினார்கள். ராமர் கோயில் கட்டி பஜனை நடத்தினார்கள். ரப்பர்த் தோட்டங்களிலோ தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்தார்கள். தெலுங்குப் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பள்ளியிலேயே படித்தார்கள். தோட்டத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிப் படம் காட்டிய இரவுகளில், முன்புறத்தில் இடமில்லாதவர்கள் திரைக்குப் பின்னால் பாய் விரித்து அமர்ந்து, இடம் வலமாக மாறிய உருவங்களையும் மனநிறைவோடு பார்த்தார்கள். சாமி படம் என்றால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்த மூதாட்டிகளும் அக்கூட்டத்தில் இருந்தார்கள்.

திருப்பள்ளியெழுச்சியின் பொருளைத் தோட்டப் பாட்டாளியைப்போல் அனுபவித்து உணரத்தக்கவர் வேறு எவர்? வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் பொழுது புலருமுன்பே எழுந்து, இருளிலே பிரட்டுக்கு நின்று பெயர் கொடுத்து, தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்வெட்டும் கத்தியோடு நிரைக்குள் நுழைந்தவர்கள் நம் முன்னோர். கீழ்வானம் வெளுப்பதையும் பறவைகள் ஒலிப்பதையும் மலர்கள் விரிவதையும் ஆழ்வார் பாடும்போது, அவை அவர்களுக்கு ஏட்டில் கண்ட வர்ணனைகள் அல்ல. நாள்தோறும் கண்ட காட்சிகள். பூக்கூடை ஏந்தி விடியலில் அரங்கன் வாசலுக்கு வந்த அக்கவியும் ஓர் உழைப்பாளியே.

ஆயினும், படத்தைப் பார்த்ததோடு ஆழ்வாரை அறிந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது. படத்தின் கதை தேவதேவியைச் சுற்றியே அமைகிறது. கவியின் பெருமையோ அவர் பாசுரங்களில் இருக்கிறது. நாற்பத்தைந்து பாசுரங்கள் கொண்ட அவருடைய 'திருமாலை'யின் பிற்பகுதியிலே, இழிந்த குலத்தவர் என்று உலகம் ஒதுக்கியவர்களேயாயினும் அடியவர்களாக இருப்பார்களேயானால் அவர்களைத் தொழவேண்டும், அவர்களோடு கொண்டும் கொடுத்தும் உறவாடவேண்டும் என்று, அந்தணர்களை நோக்கியே, அந்தணராகிய அவர் பெருமானின் திருவாக்காக அறுதியிட்டுச் சொல்கிறார். கப்பலேறி வந்த பின்னும் சாதியை மறவாமல், லயத்துக்கு லயம் அதைச் சுமந்து திரிந்த நம் சமுதாயம் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி அது. ஒரு கவியின் வாழ்க்கையைச் சொல்லும் படம் எவ்வளவு சிறந்ததாயினும், பார்த்தவனை அக்கவியின் நூலிடம் அனுப்பிவைக்கும்போதே அதன் கைங்கரியம் பூர்த்தியாகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை நடப்பட்டும், மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தும் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திடலிலே அனைவரும் கூடிப் படம் பார்த்த வழக்கம் மறைந்தது. தெலுங்கு வீடுகளிலே பாட்டிமார் அறிந்திருந்த பஜனைப் பாடல்களும் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. ஆகவே, ஆலய நிர்வாகத்தாருக்கும் தமிழ், தெலுங்கு அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். வரும் மார்கழியில் ஒரு மாலைப்பொழுதில், கோயில் மண்டபத்தில் 'விப்ரநாராயண' படத்தை இரு சமூகத்தாருக்கும் திரையிடுங்கள். மறுநாள் வைகறையில் திருப்பள்ளியெழுச்சியைப் பொருள் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பயிற்றுங்கள். தெலுங்கு முதியோர்களை அழைத்து அவர்கள் அறிந்த பாடல்களைப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்து வையுங்கள். பெரிய பொருட்செலவு இதற்குத் தேவையில்லை. முன்வந்து செய்வோரின் சிரத்தை ஒன்றே போதும்.