கண்ணாடியில் பனி படிந்தால் முதலில் நில்லுங்கள்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் மின்படி ஏறி, தேக்கா பக்கம் வெளியே காலெடுத்து வைக்கிறீர்கள். நிலையத்தின் குளிர் முடிந்து வெளிச்சூடு தொடங்கும் அந்த இடத்தில் உங்கள் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடுகிறது. எதிரே வருபவர் தெரியவில்லை, நடைபாதை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பின்னால் வருபவர்களோ அவசரத்தில் இருக்கிறார்கள். ஓரிரு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும் சின்ன விஷயம்தான் இது. ஆனால் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள் கால் தவறி விழுவதற்கு அந்த ஓரிரு நிமிடமே போதும். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், பழையபடி நடமாடுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். சிலரால் பழைய நடைக்குத் திரும்பவே முடிவதில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

ஐஸ் போட்ட மைலோ கோப்பையை மேசைமேல் வைத்தால், சற்று நேரத்தில் அதன் வெளிப்பக்கம் வியர்த்துவிடும். கோப்பையில் ஓட்டை எதுவும் இல்லை. சுற்றியுள்ள காற்றில் இருக்கும் ஈரம்தான் குளிர்ந்த கோப்பையின்மேல் நீராகப் படிகிறது. குளிர்ந்த கண்ணாடியிலும் அதுவே நடக்கிறது.

சிங்கப்பூர்க் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் அதிகம். சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். இங்கே சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளை வெளியே கொண்டுவந்தாலும் அதன்மேல் ஈரம் படியும். விடியற்காலை, நண்பகல், மழை விட்ட மாலை என எந்த நேரத்திலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. பேருந்திலும் கடைத்தொகுதியிலும் அரைமணி நேரம் இருந்தால், அந்தக் குளிர் உங்கள் கண்ணாடிக்கும் ஏறிவிடுகிறது. குளிர்காற்று வரும் துளைக்கு நேர்கீழே உட்கார்ந்தவரின் கண்ணாடி இன்னும் குளிர்ந்திருக்கும். வீட்டில் குளிர்சாதனத்தை 25 டிகிரிக்குக் குறையாமல் வைக்கும்படி தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்வது மின்சாரத்தைச் சேமிக்கத்தான். ஆனால் அப்படி வைத்தால் வாசலைத் தாண்டும்போது கண்ணாடி மங்குவதும் குறையும்.

கனடாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே கதை நேர்மாறு. குளிரிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவர்களுக்குக் கண்ணாடி மங்கும். பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியை ஓட்டுபவர்களுக்குத் தலைக்கவசத்துக்குள் தங்கள் மூச்சே எதிரி. பனியே பெய்யாத ஊரில் இருந்துகொண்டு நாமும் ‘பனி படிந்துவிட்டது’ என்கிறோம். மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் தமிழில் பனி என்றுதானே பெயர்? நம் கண்ணாடியில் படிவதும் அதே பனிதான்.

வாசலில் என்ன செய்வது?

முதலில் நில்லுங்கள். மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக, கைப்பிடியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மின்படியின் உச்சியில் மட்டும் நிற்க வேண்டாம், பின்னால் வருபவர் உங்கள்மேல் மோதிவிடுவார். நாலைந்து அடி தள்ளி வந்து நிற்பது நல்லது. ஈசூன் போன்ற மேடை நிலையங்களில் ரயில் கதவு திறந்தவுடனே வெளிச்சூடு முகத்தில் அடிக்கும். அங்கே இறங்கும் முன்பே ரயிலுக்கும் மேடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில், வண்டி முழுதாக நின்ற பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்தபடி இறங்குங்கள். இறங்கியதும் நடக்கத் தொடங்காமல் சற்றுப் பொறுங்கள்.

சட்டை முனையாலோ முந்தானையாலோ துடைப்பதில் பலனில்லை. கண்ணாடி இன்னும் குளிராகத்தான் இருக்கிறது, துடைத்த கையோடு மறுபடியும் மங்கும். துணியில் ஒட்டியிருக்கும் தூசியும் கண்ணாடியில் கீறல் போடும். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதும் வேண்டாம். பார்வைத் திறன் அதிகம் குறைந்தவர்களுக்கு அது பனி படிந்த கண்ணாடியைவிட மோசம். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், நின்ற இடத்திலேயே உள்ளங்கைகளுக்கு நடுவில் சற்று நேரம் வைத்துச் சூடேற்றி, மாட்டிக்கொண்ட பிறகு நடங்கள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய கடைவீடுகளின் அஞ்சடி ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் நடுவில் ஒரு படி ஏறும், அதற்கடுத்து ஒரு படி இறங்கும். பூக்கடை, காய்கறிக் கடை முன்னால் தரை ஈரமாக இருக்கும். குளிரூட்டிய நகைக்கடையிலிருந்து நேராக அந்த அஞ்சடியில் கால் வைப்பவர், படி எங்கே என்று தெரியாமல்தான் வைக்கிறார். பைஃபோக்கல் அல்லது புரோகிரெசிவ் கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்காக உள்ளது; அதன் வழியாகப் பார்த்தால் படிக்கட்டு ஏற்கெனவே மங்கலாகத்தான் தெரியும். படி இறங்கும்போது தலையை நன்றாகக் குனிந்து, கண்ணாடியின் மேல்பாதி வழியாகப் பாருங்கள்.

சோப்பு நீர் போதும்

தினமும் காலையில் கண்ணாடியைக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் இருபுறமும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிறகு தண்ணீரில் அலசி உதறிவிட்டு, கண்ணாடிக்கென்று உள்ள மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். கண்ணாடியில் எஞ்சியிருக்கும் மிக மெல்லிய சோப்புப் படலம், ஈரம் துளித்துளியாகத் திரள விடாமல் அதைப் பரப்பிவிடும். பரவிய நீர் வழியாகப் பார்வை தெளிவாக இருக்கும், துளிகள்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன. அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் இந்த வழி தெரியும். முகக்கவசம் அணியும்போது கண்ணாடி மங்காமலிருக்க, அணிவதற்கு முன் சோப்பு நீரில் கழுவலாம் என்று 2011இலேயே பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள்.

வெந்நீர் வேண்டாம், கண்ணாடியின் மேற்பூச்சு கெட்டுவிடும். பற்பசை தேய்க்கச் சொல்லி அனுப்பப்படும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம், அதிலுள்ள நுண்துகள்கள் கண்ணாடியைக் கீறும். பனி படியாமலிருக்கத் தெளிக்கும் திரவம் வேண்டுமென்றால் உங்கள் கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். எல்லா மேற்பூச்சுக்கும் எல்லாத் திரவமும் ஒத்துவராது. சட்டம் கன்னத்தில் இடித்தால் உள்ளே காற்று ஓடாது, பனி கலையவும் நேரமாகும். அதையும் அவரிடமே சரிசெய்யச் சொல்லலாம்.

முகக்கவசம் அணியும்போது மங்குவதற்குக் காரணம் வேறு. உங்கள் வெதுவெதுப்பான மூச்சு மேல்விளிம்பு வழியாக ஏறுகிறது. 2020 ஏப்ரலில் முகக்கவசம் கட்டாயமானபோது நாம் எல்லாரும் பட்ட பாடு இது. மேல்விளிம்பில் உள்ள கம்பியை மூக்கின் வடிவத்துக்கு நன்றாக அழுத்தி, கண்ணாடியை முகக்கவசத்தின்மேல் படியும்படி வையுங்கள். ஒட்டுநாடா ஒட்ட வேண்டாம், வயதானவர்களின் தோல் மெலிந்தது, பிய்ந்துவிடும். சோறு வடிக்கும்போதும் இதே கவனம் தேவை. மூடியை உங்கள் பக்கமாக அல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திறந்தால் ஆவி முகத்துக்கு வராது.

கண்ணாடியில் இல்லாத மூட்டம்

கழுவித் துடைத்த கண்ணாடியை அணிந்து, வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் எல்லாம் மங்கலாகத் தெரிகிறதா? வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூட்டம் கண்ணிலேயே இருக்கலாம். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு கூசுவதும் நிறங்கள் மங்குவதும் கண்புரையின் அடையாளங்கள். ‘வயதானால் அப்படித்தான்’ என்று பலர் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கண்புரைக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம். அந்த நோய் உள்ளவர்கள் பார்வை தெளிவாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேளுங்கள்.

சில அறிகுறிகளுக்கு மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. கண் சிவந்து கடுமையாக வலிப்பது, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிவது, அதோடு தலைவலியும் வாந்தியும் வருவது கண்ணழுத்தம் திடீரென ஏறியதற்கான அடையாளங்களாக இருக்கலாம். ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் பார்வை மறைவதும் அவசரம்தான். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பார்வை போவதோடு பேச்சுக் குழறினால், வாய் கோணினால், அல்லது கை கால் விளங்காமல் போனால் 995ஐ அழையுங்கள்.

கண் பரிசோதனைக்குப் போகும்போது இப்போது அணியும் கண்ணாடிகள் எல்லாவற்றையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வெயிலும் கூசும். மகனையோ மகளையோ பக்கத்து வீட்டுக்காரரையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.