தீக்குச்சி மலிவு, உயிருமா மலிவு?

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு! திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் வாழையும் நெல்லும் கண்ணுக்கு விருந்தளிக்கும் பூமி. மேலே போடி மலையிலே ஏலம் மணக்கிறது. அந்தப் பசுமையைக் கண்டு களிப்போர் பலர். அதைக் கவாத்துச் செய்து காக்கும் கரங்களைக் கண்டோர் எத்தனை பேர்?

விடியுமுன் கயிற்றையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறான் மரம் வெட்டும் தொழிலாளி. கிளை கழிக்கிறான்; மட்டை இறக்குகிறான்; மின்கம்பியில் உரசும் கொம்பை உயிரைப் பணயம் வைத்து வெட்டுகிறான். மாலையிலே மலைபோல் குவிகிறது தழை. "இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போ!" என்கிறார் தோட்டக்காரர். கூலி பேசியது மரத்துக்கு. குப்பைக்குப் பேசியது யார்? வண்டி வாடகைக்குக் காசில்லை. ஒரே ஒரு தீக்குச்சி! வேலை முடிந்தது.

முடிந்ததா?

2018 மார்ச் 11. போடிக்கு மேலே குரங்கணி மலை. கோடையிலே காய்ந்து நின்ற புல்வெளியில் தீ பரவியது. மலையேறச் சென்ற இளம் பெண்களும் ஆண்களும் நடுவே சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் தீயை மூட்டியது யார் என்று தீர்ப்புக் கூற நாம் இங்கே அமரவில்லை. அது புகட்டிய பாடத்தை மறக்கலாகாது என்கிறோம். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, வீசும் காற்று. மூன்றும் கூடினால் தீ மேல்நோக்கிப் பாயும். ஓடும் மனிதனைவிட விரைவாகப் பாயும்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம் என்கிறது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம். எரிபொருள் அல்லாதவற்றை எரிப்பதை ஓரிடத்தில் தடைசெய்ய மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம். திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று 2016-இல் ஆணையிட்டது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். ஐயாயிரம்! அன்றாடங்காய்ச்சிக்கு அது எத்தனை நாள் கூலி? எரிக்கச் சொன்னவர் திண்ணையிலே, எரித்தவன் தெருவிலே! இதுவா நீதி?

எரிக்கவே கூடாதா என்று கேட்கலாம். சிவப்புக் கூன்வண்டு துளைத்துப் பட்டுப்போன தென்னையை அப்புறப்படுத்தி எரிக்கும்படி வேளாண் அறிஞர்களே சொல்கின்றனர். விட்டுவைத்தால் தோப்பையே தின்றுவிடும். அத்தகைய தீக்கு முறை உண்டு. உரியவரிடம் கேட்டறிந்து மூட்டுக. காட்டோரம் வேண்டாம், வீட்டோரம் வேண்டாம், மின்கம்பியின் கீழ் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் செத்தையை அகற்றி மண் தெரியச் செதுக்குக. பச்சைத் தழையைப் போட்டுப் புகைமூட்டம் எழுப்பாதே. காற்று எழுந்தால் நிறுத்துக. குடத்தில் நீர் அருகிலிருக்கட்டும். சாம்பலைக் கிளறி, நீர் தெளித்து, கையருகே வைத்துப் பார்த்துச் சூடில்லை என்று உறுதியான பிறகே வீடு திரும்புக.

மற்றவற்றுக்குத் தீ எதற்கு? தடித்த கொம்பு விறகாகும். மட்டையையும் தழையையும் பொடியாக்கி மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், மக்கினால் எரு. மண்ணுக்குச் சேர வேண்டிய சோற்றைச் சாம்பலாக்குவானேன்?

ஆனால் பொடியாக்கும் இயந்திரத்தைக் கூலிக்காரன் வாங்க முடியுமா? ஊராட்சிதோறும் ஒன்று வாங்கி வாடகைக்கு விடட்டும். தோட்டக்காரர்களே, மரத்துக்குக் கூலி பேசும்போதே தழைக்கும் சேர்த்துப் பேசுங்கள்! தோழர்களே, "கொளுத்திவிட்டுப் போ" என்றால் "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உமக்குண்டு. அந்த உரிமைக்குத் துணை நிற்பது நம் கடமை.

குரங்கணிக்காகக் கண்ணீர் வடித்தோம். கண்ணீர் தீயை அணைக்காது. தீ மூளும் முன் கூலியைப் பேசுவோம்!