இடம்பெயர்ந்த வாழ்வில் குடும்பத் திட்டமிடல்

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் பலருக்கு விடிந்துவிட்டது. காணி உறுதி, அடையாள அட்டை, நகை, ஒரு பை அரிசி, கைப்பிள்ளையின் உடுப்பு என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சனம் போயிற்று. அலுமாரித் தட்டில் இருந்த கருத்தடைக் குளிசை அட்டையை அந்த நேரத்தில் யார் நினைப்பார்? அடுத்த ஊசிக்கு வரும்படி சொல்லப்பட்ட கிளினிக்கும் பின்னால் தங்கிவிட்டது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கைவிட்டு எழும்பியவர்களுக்கும், 2009 இல் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டவர்களுக்கும் இதே கதைதான்.

நிவாரண அட்டையைப் பற்றிப் பேசினோம். கிணறு, மலசலகூடம், விதை வெங்காயம் பற்றிப் பேசினோம். ஆனால் ஒரே கொட்டிலுக்குள் புருஷனும் பெண்சாதியுமாய் வாழ்கிறவர்களின் அடுத்த பிள்ளையைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எவரும் வாய் திறப்பதில்லை. வெட்கம் ஒரு காரணம். "இப்ப அதுவா முக்கியம்?" என்ற எண்ணம் மற்றது. ஆனால் வீட்டை விட்டுப் போகும்போது உடம்பு தன் இயல்பை விட்டுப் போவதில்லை. இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்களும், மாரி வெள்ளத்தில் பாடசாலைக்கு எழும்பிப் போகும் குடும்பங்களும் நம் மத்தியில் இருக்கும்வரை இதைப் பேசத்தான் வேண்டும்.

பிள்ளை பெறுவதைக் குறைக்கச் சொல்வதல்ல எமது நோக்கம். எப்போது, எத்தனை என்பதைப் பெற்றோரே தீர்மானிக்க வழி இருக்க வேண்டும் என்பதே நாம் சொல்வது. ஒரு பிள்ளை பிறந்து குறைந்தது 2 ஆண்டுகள் கழிந்தபின் அடுத்ததைத் தாங்குவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பசளை போடாமல் ஒரே தறையில் போகத்துக்குப் போகம் புகையிலை நட்டால் மண் என்னவாகும் என்பது கமக்காரருக்குத் தெரியும். பேறு முடிந்த தாயின் உடம்பில் இரும்புச்சத்து வற்றியிருக்கும். நிவாரண அரிசியும் பருப்பும் அதைச் சட்டென்று நிரப்பமாட்டா. இரத்தச்சோகையோடு அடுத்ததைச் சுமந்தால் பிள்ளை நிறை குறைந்து பிறக்கலாம். பேற்றில் இரத்தம் போனால் தாய் தாங்கமாட்டாள்.

இது அண்மையில் வந்த கதையுமல்ல. மேரி இரட்ணம் என்ற கனேடிய வைத்தியர் 1896 இல் அமெரிக்க மிஷனுக்காக இலங்கை வந்தார். இணுவிலில் பெண்கள் வைத்தியசாலையில் பணியாற்றுவதற்கே அவர் நியமிக்கப்பட்டிருந்தார். ஒரு தமிழரைத் திருமணம் செய்தார் என்பதற்காக மிஷன் அவரை ஏற்கவில்லை. யாழ்ப்பாணம் இழந்த அந்த வைத்தியர் கொழும்பில் இருந்துகொண்டு 1937 இல் நாட்டின் முதலாவது குடும்பத்திட்டக் கிளினிக்கைத் தொடங்கினார். அதற்காக அவர் கேட்ட ஏச்சுக்கும் குறைவில்லை. 1953 இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவானது. 1965 இல் அரசாங்கம் இதனைத் தாய் சேய் நலப் பணியோடு சேர்த்துக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கு மருத்துவமாது ஊசியையும் குளிசையையும் பிள்ளையின் நிறை பார்க்கிற அதே கையால் இலவசமாகத் தருகிறார்.

இனி முறைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் விரித்து எழுத இடமில்லை. இடம்பெயர்ந்தவர்களுக்கு எது எங்கே தடக்கும் என்பதையே பார்க்கிறோம்.

நம் பெண்கள் பலர் விரும்புவது 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசி. வீட்டில் வைத்துப் பாதுகாக்க ஒன்றுமில்லை, மற்றவர் கண்ணிலும் படாது. ஆனால் திகதி தவறினால் பாதுகாப்புப் போய்விடும். இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விடயம் உண்டு. எழும்ப வேண்டி வரும் என்று தோன்றினால் திகதிக்கு 2 கிழமை முந்தியே ஊசியைப் போடலாம். பிந்திப் போனாலும் 4 கிழமை வரை மறு ஊசி போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கடைசி ஊசி போட்ட திகதியை ஒரு துண்டில் எழுதிப் பிள்ளையின் வளர்ச்சி அட்டைக்குள் வைத்துக்கொண்டால் எந்த ஊர்க் கிளினிக்கிலும் காட்டலாம். ஊசி போடுபவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு குலையலாம், நின்றும் போகலாம். "கெட்ட இரத்தம் வயிற்றில் தேங்குகிறது" என்று பக்கத்துக் கொட்டில் ஆச்சி சொல்வார். அப்படி ஒன்றும் தேங்குவதில்லை. நிறுத்தியபின் மறுபடி கருத்தரிக்கச் சுணங்கலாம். கடைசி ஊசியிலிருந்து 9, 10 மாதங்கள் செல்வது வழமை. அதை மலடு என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். அதேவேளை அடுத்த ஆண்டே பிள்ளை வேண்டுமென்றிருப்பவர் வேறு முறையைக் கேட்பது புத்தி.

குளிசையை நாள்தோறும் எடுக்க வேண்டும். ஒன்று தவறினால் நினைவு வந்ததும் எடுத்துவிட்டு, மற்றவற்றை வழமைபோல எடுத்துச் செல்லலாம். 2 அல்லது அதற்கு மேல் தவறினால் ஒன்றை உடனே எடுத்து, நாள்தோறும் தொடர்ந்து, அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறையும் பாவிக்க வேண்டும். பாலூட்டும் தாய் முதல் 6 மாதத்துக்குள் வழமையான குளிசையைத் தொடங்காமல் மருத்துவமாதுவிடம் கேட்டுச் செய்ய வேண்டும். இன்னொன்று: தகரக் கூரையின் கீழே, றங்குப் பெட்டிக்குள் பகல் முழுவதும் வேகும் ஆணுறை பழுதாகிவிடும். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நனையாதபடி ஒரு பேணிக்குள் வையுங்கள். குளிசைக்கும் அது பொருந்தும்.

காசில்லாத முறை ஒன்றும் உண்டு. பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, மாதவிலக்கு இன்னும் வரவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் 100 தாய்மாரில் 98 பேருக்குக் கரு தங்காது. ஆனால் நிவாரணப் பொதியில் பால்மா வந்து, தாய் கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போய், பிள்ளைக்குப் போத்தலில் பால் கரைத்துக் கொடுக்கத் தொடங்கிய அன்றைக்கே இந்தப் பாதுகாப்புக் குலைந்துவிடும். பால்மா பகிர்கிறவர்கள் இதை நினைத்துப் பார்த்ததாக எமக்குத் தெரியவில்லை.

நாள் எண்ணும் முறையைக் கைக்கொள்ளும் குடும்பங்கள் எம்மிடையே பல. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1968 இல் விடுத்த சுற்றுமடல் கத்தோலிக்கருக்கு இயற்கை முறையையே காட்டியது. அங்கிலிக்கன் ஆயர்கள் 1930 இலேயே இலம்பெத் மாநாட்டில் வேறு முறைகளுக்கும் ஓரளவு இடம் கொடுத்திருந்தார்கள். எதைக் கைக்கொள்வது என்பது அவரவர் மனச்சாட்சிக்குரியது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மாதவிலக்கு 26 முதல் 32 நாட்களுக்குள் ஒழுங்காக வரும் பெண்ணுக்கே 8 ஆம் நாள் முதல் 19 ஆம் நாள் வரை விலகியிருக்கும் கணக்குச் சரிவரும். ஷெல் சத்தத்திலும், பசியிலும், நித்திரையில்லா நடையிலும் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். அப்போது பழைய கணக்கை நம்பி இருக்க முடியாது. வெள்ளைபடுதலின் தன்மையைப் பார்த்து நாளை அறியும் பில்லிங்ஸ் முறை எண்ணிக்கையில் தங்கியிராதபடியால் ஓரளவு மேல். ஆனால் அதற்கும் பழக்கம் வேண்டும், மறைவான இடம் வேண்டும், புருஷனின் ஒத்துழைப்பும் வேண்டும்.

நெடுங்காலத்துக்கு வேண்டியவர்களுக்குச் செம்பு சுற்றிய லூப் 10 ஆண்டுகள் வரை நிற்கும். கையின் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் குச்சிகள் 5 ஆண்டுகள் வேலை செய்யும். எத்தனை தரம் எழும்பிப் போனாலும் இவை கூடவே வரும் என்பது பெரிய வசதி. இரண்டையும் விரும்பிய நேரத்தில் எடுத்துவிடலாம், ஆனால் பயிற்சி பெற்றவரிடமே எடுக்க வேண்டும்.

ஆண்களுக்கான சத்திரசிகிச்சையைக் கேட்டதும் நம் கமக்காரர் முகம் மாறுகிறது. நாம்பனுக்கு நலமடிப்பது போலத்தான் இதுவும் என்று எண்ணுகிறார்கள். நலமடிக்கையில் விதையையே கெடுக்கிறார்கள். இங்கே விதையைத் தொடுவதில்லை. விந்து வரும் மெல்லிய குழாயை மட்டும் வெட்டிக் கட்டுகிறார்கள். மண்வெட்டி பிடிக்கும் பலமும் குறையாது, ஆண்மையும் குறையாது. 3 மாதம் வரை வேறு பாதுகாப்புத் தேவை, அவ்வளவுதான். பெண்ணுக்குச் செய்யும் எல்.ஆர்.ரி.யை விட இது சிறிய சிகிச்சை. அப்படியிருந்தும் பாரத்தை எப்போதும் பெண்சாதியின் தலையிலேயே ஏற்றுகிறோம்.

தவறிப் போன இரவுக்கும் வழி உண்டு. போஸ்டினோர் போன்ற அவசரக் குளிசையை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. 5 நாட்களுக்குள் லூப் வைப்பதும் பலன் தரும். பலவந்தத்துக்கு உள்ளான பெண்ணுக்கு இந்தச் செய்தி உடனே போய்ச் சேர வேண்டும். இக்குளிசை கரு உருவாகாமல் தடுப்பது. தங்கிவிட்ட கருவைக் கலைப்பதல்ல.

கலைப்பது என்றால் வேறு கதை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக வைத்திருக்கிறது. ஆகவே அது ஒளித்தே நடக்கிறது. குச்சி செருகியும், கண்ட மருந்தைக் குடித்தும் நடக்கிறது. அதன்பின் காய்ச்சல், துர்நாற்றம், நில்லாத இரத்தம், வயிற்று நோ எதுவாயினும் கண்டால் யார் ஏசினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் உயிர் போகலாம்.

தீர்மானிப்பது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். "எங்கட சனம் குறைஞ்சு போச்சு, கூடப் பெறுங்கோ" என்று போரில் பிள்ளைகளை இழந்த சமூகம் சொல்கிறது. அந்தத் துயரம் எமக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்கிற கடமை ஒரு கொட்டிலில் இருக்கும் இரத்தச்சோகைத் தாய்க்கு மட்டும் உரியதா? மறுபக்கம், 2013 ஓகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் பிள்ளைகளின் நலம் பார்க்கவென்று தாய்மாரை அழைத்து, சரியாக விளக்காமல் கைக்குச்சி வைத்ததாக முறைப்பாடு எழுந்தது. 1994 இல் கெய்ரோவில் கூடிய உலக மாநாடு, எத்தனை பிள்ளை, எப்போது என்பதை வற்புறுத்தலின்றித் தம்பதியரே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அந்த உரிமை பெறு என்பவருக்கும் பெறாதே என்பவருக்கும் எதிரானதே. கிளினிக்கில் எதையாவது வைக்க முன் "இது என்ன, எத்தனை காலத்துக்கு, வேண்டாமென்றால் எங்கே எடுக்கலாம்" என்று கேளுங்கள். பதில் விளங்கவில்லையென்றால் அன்றைக்கு வேண்டாமென்று சொல்லி வரலாம். அதற்காக நிவாரணமோ பிள்ளையின் தடுப்பூசியோ மறுக்கப்படக் கூடாது.

புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் முதல் கிழமையிலேயே அப்பகுதி மருத்துவமாதுவிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மணமான குடும்பங்களை அவர் தம் பதிவேட்டில் சேர்த்து வீட்டுக்கே வந்து பார்ப்பார். இடையில் வந்தவர்களைப் பற்றி யாரும் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளுக்கும் யாழ். போதனா வைத்தியசாலைக்கும் போகலாம். புருஷன் கூட வந்தால் நல்லது. வர மறுத்தால் பெண் தனியே போகலாம்.