விரலுக்கும் வாக்குண்டு!

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு ஓடும் மின்சார ரயிலில் ஏறாத தொழிலாளத் தோழர் எவர்? அந்தப் பெட்டிகளில் கடலை மிட்டாயும் பேனாவும் விற்றுவரும் பார்வையற்ற தோழர்களைப் பார்த்திருப்பீர்கள். நோட்டைக் கொடுத்தால் ஓரத்தைத் தடவுவார்கள். புது நூறு ரூபாயில் நான்கு கோடுகள், ஐந்நூறில் ஐந்து கோடுகள் மேடாக அச்சாகியிருக்கின்றன. கை மாறி மாறி அந்த மேடு தேய்ந்துபோவது வேறு கதை!

கண்ணால்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது யார்? பிரான்சில் 1809-ல் பிறந்த லூயி பிரெயில் தோல் தொழிலாளியின் மகன். சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில், மூன்று வயதில், கூர்ங்கருவி கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணையும் கொண்டுபோயிற்று. தோல் கம்பெனியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட குரோம்பேட்டைத் தோழர்களுக்கு அந்தக் குத்தூசியை விளக்க வேண்டியதில்லை. அதுபோன்றதோர் ஊசியால் தாளில் குத்தி, விரலால் படிக்கும் முறையை 1824-ல், பதினைந்து வயதில் வகுத்தான் அந்தப் பையன். ஆறே புள்ளிகள், 63 உருவங்கள்! அவர் படித்த பள்ளியே அதை முறைப்படி ஏற்றது 1854-ல், அவர் மாண்டு இரண்டாண்டு கழித்து.

நம் நாட்டில் பல முறைகளாய்ச் சிதறிக் கிடந்ததை 1951-ல் பாரதி பிரெயில் ஒன்றாக்கிற்று. தமிழும் அந்த ஆறு புள்ளிகளுக்குள் அடக்கம்.

இதை அரசியல் ஏட்டில் ஏன் எழுதுகிறோம்? வாக்குச்சாவடிக்கு வாருங்கள்!

வாக்கு இயந்திரத்தின் பொத்தான் அருகே பிரெயில் எண் இருக்கிறது. 2004-ல் ஆந்திரத்து ஆசிஃப்நகர் இடைத்தேர்தலில் சோதிக்கப்பட்டு, 2009 நாடாளுமன்றத் தேர்தலில் நாடெங்கும் வந்தது. வேட்பாளர் பெயர்கள் அடங்கிய பிரெயில் தாள் தலைமை அதிகாரியிடம் இருக்கும். அதைப் படித்து, எண்ணை மனத்தில் வைத்து, மறைவிடத்தில் தன் விரலாலேயே வாக்களிக்கலாம். துணையாளை அழைத்துச் செல்வதும் உரிமைதான். ஆனால் அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அன்றைக்கு ஒருவருக்குமேல் அவர் துணைபோகக் கூடாது. ரகசியம் காப்பதாக உறுதியும் தர வேண்டும்.

நடப்பது என்ன? கையில் கோலைக் கண்டதும், "வாங்கண்ணே, நானே போட்டுவிடறேன்" என்று தோளைப் பிடிப்பவர் எல்லாக் கட்சியிலும் உண்டு. நம்மிடம் இல்லையென்று மார்தட்ட வேண்டாம்! கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கும் கை, இன்னொருவன் வாக்கைப் பிடுங்கலாமா?

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் சாவடி முகவராய் அமரும் தோழர்களே, காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போதே பிரெயில் தாள் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். முதுமையில் பார்வை இழந்து, பிரெயில் பயிலாதவர் பலர். துணையாள் யாரென்பதை அவர்களே சொல்லட்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. யாருக்கு வாக்களித்தோம் என்று காட்டும் சீட்டு, கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்து பெட்டிக்குள் விழுகிறது. பார்வையுள்ளவருக்கு அது சான்று. விரலால் படிப்பவர் தடவிப் பார்த்தால் அங்கே வெறும் கண்ணாடி.