போனோடு வந்த பாட்டு

ஏ.ஆர்.ரஹ்மானின் ‘கனெக்‌ஷன்ஸ்’ ஆல்பம் கேசட் கடைக்கும் சி.டி. கடைக்கும் போகாமல் நேராகக் கைபேசிக்குள் ஏறி வந்தது. 2008 முடிந்து 2009 பிறந்த சமயம் அது. நோக்கியாவின் ‘எக்ஸ்பிரஸ் மியூசிக்’ வரிசைப் போனை வாங்கியவருக்குப் பாடல்கள் போனோடு கிடைத்தன. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மானுக்கு 2009 ஜனவரியில் கோல்டன் குளோப், பிப்ரவரியில் இரண்டு ஆஸ்கர். உலகமே அவர் பெயரை உச்சரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவருடைய புதிய ஆல்பத்தை மக்களிடம் கொண்டுவரும் பொறுப்பை ஒரு போன் கம்பெனி எடுத்துக்கொண்டது.

அந்தக் கம்பெனியின் இந்திய ஆலை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரில் இருந்தது. தொலைத்தொடர்புத் துறைக்கென ஒதுக்கப்பட்ட சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2006-இல் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் இருந்தபோது நேரடித் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 8,000 பேர். பெரும்பாலோர் இளம் பெண்கள். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தவர்கள். அங்கே தயாரானவை பெரும்பாலும் விலை குறைந்த அடிப்படை மாடல்கள். அவை உள்நாட்டிலும் விற்றன, கப்பலேறியும் போயின.

நோக்கியாவுக்குப் பாட்டு எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்விக்குக் கைபேசிச் சந்தையில்தான் விடை இருக்கிறது. பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் எல்லா போன்களும் ஒன்றுபோலவே உதவின. 2003-இல் பாட்டுக்கடை திறந்த ஆப்பிள், 2007-இல் ஐபோனையும் கொண்டுவந்துவிட்டது. இனி போனைப் போனாக மட்டும் விற்க முடியாது என்று நோக்கியா கணக்குப் போட்டது. 2008-இல் பிரிட்டனில் ‘கம்ஸ் வித் மியூசிக்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. போன் வாங்கினால் ஓராண்டுக்குப் பாடல்களைக் கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் அந்த வேலைக்கு ரஹ்மானைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ‘பிரே ஃபார் மீ பிரதர்’ என்ற அவருடைய ஆங்கிலப் பாடலுக்காக 2007-லேயே இரு தரப்பினரும் கைகோத்திருந்தார்கள்.

ரஹ்மான் பக்கம் வேறு கணக்கு. நம் ஊரில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. மெட்டுப் போடுபவர் போட்டுக் கொடுப்பார், தயாரிப்பாளர் ஆடியோ உரிமையை விற்பார், படத்தின் விளம்பரமே பாட்டுக்கும் விளம்பரம். படம் இல்லாத ஆல்பத்துக்கு இந்த வண்டி கிடையாது. போன் கம்பெனி தானே செலவு செய்து தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். திருட்டு சி.டி. எத்தனை விற்றாலும், முன்கூட்டியே பேசி முடித்த பணத்தை அது தொடாது. இசைக்கலைஞர் கண்ணோட்டத்தில் இது நியாயமான ஏற்பாடு. அந்த ஆல்பத்தின் ‘ஜியா சே ஜியா’வை ரஹ்மான் மேடைக் கச்சேரிகளிலும் பாடினார்.

கேட்பவர் கண்ணோட்டத்தில்தான் சிக்கல். புது எக்ஸ்பிரஸ் மியூசிக் 5800 போனின் விலை இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தவருக்கு அது பல மாதச் சம்பளம். ஆக, நோக்கியா என்ற பெயரைத் தினமும் ஆயிரக்கணக்கில் கையால் தொட்டு அனுப்பியவர்களுக்கு, நோக்கியா வெளியிட்ட ஆல்பம் எட்டாத உயரத்தில் இருந்தது. அவர்கள் பாட்டுக் கேட்ட வழியே வேறு.

அந்த வழி மெமரி கார்டு. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு, சுங்குவார்சத்திரம், ஒரகடம் கூட்டுச்சாலை என்று எங்கு பார்த்தாலும் ரீசார்ஜ் கடைகள். ஒரு மேசை, பழைய கம்ப்யூட்டர், கார்டு ரீடர் இருந்தால் அது பாட்டுக் கடையும்கூட. திரையில் வரிசையாக ஃபோல்டர்கள்: இளையராஜா ஹிட்ஸ், குத்துப் பாட்டு, அம்மன் பக்தி, சோகப் பாட்டு, புதுப்படம். ஒரு ஜி.பி. கார்டை நீட்டினால் இருபதோ முப்பதோ ரூபாய்க்கு ஏறக்குறைய இருநூறு பாடல்களை ஏற்றித் தருவார்கள். பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் எந்தத் திருட்டு இணையதளத்திலிருந்து இறக்கப்பட்டதோ அதன் பெயர் ஓடும். எழுதியவர் யார், பாடியவர் யார் என்ற விவரம் இருக்காது. ஒருவர் ஏற்றி வந்த கார்டு, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பி ஊர் போய்ச் சேர்வதற்குள் ப்ளூடூத் வழியே நான்கைந்து போன்களுக்குப் பரவிவிடும்.

சட்டப்படி இது திருட்டு. பாட்டை உருவாக்கியவர்களுக்கு ஒரு காசு போகவில்லை. ஆனால் கேட்பவரின் விருப்பத்தை அப்படியே எதிரொலித்த விநியோகமும் இதுதான். கடைக்காரர் கேட்டதை மட்டுமே ஏற்றுவார். கேட்காததை ஏற்ற அவருக்கு நேரமில்லை. பக்திப் பாட்டு தவிர, சினிமாவில் வராத பாட்டை யாரும் கேட்கவில்லை, அதனால் அது கார்டிலும் ஏறவில்லை. ‘கனெக்‌ஷன்ஸ்’ ரசிகர்களிடம் பேசப்பட்டது. ஆனால் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கி வரை இறங்கி வரவில்லை. போனுக்குள் பாட்டை வைத்துப் பூட்டியதில் திருட்டு எந்த அளவு தடைப்பட்டதோ, புழக்கமும் அந்த அளவு தடைப்பட்டது. குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் உரக்கச் சொன்னதாகப் போற்றப்படும் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். எல்லாருக்கும் போய்ச் சேர்வதே ஒரு மதிப்பு என்பதை இந்த ஊர் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேற்கில் இதே காலத்தில் நேரெதிரான முயற்சி ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2007 அக்டோபர் 10 அன்று ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு, விலையைக் கேட்பவரே முடிவு செய்யட்டும் என்றது. ஒன்றும் கொடுக்காமலும் எடுத்துக்கொள்ளலாம். பலர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அடுத்த சில மாதங்களில் சி.டி.யாக வந்தபோது அதே ஆல்பம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பிடித்தது. இலவசமாகக் கேட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்ப வந்து காசு கொடுத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

போன் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 2013-இல் சாம்சங், அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஸீயின் ‘மேக்னா கார்ட்டா ஹோலி கிரெயில்’ ஆல்பத்தில் பத்து லட்சம் பிரதிகளைத் தலா 5 டாலருக்கு மொத்தமாக வாங்கி, கேலக்ஸி போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செயலி மூலம் ஜூலை 4 அன்று, கடைகளுக்கு வரும் முன்பே கொடுத்தது. நள்ளிரவில் எல்லாரும் ஒரே நேரத்தில் முயன்றதில் செயலி திணறியது. அதைவிடப் பெரிய கோபத்தைக் கிளப்பியது அது கேட்ட அனுமதிகள். பாட்டுக் கேட்க வந்தவரிடம் அவர் இருக்கும் இடத்தையும், யாரோடு பேசுகிறார் என்பதையும் அறிய அனுமதி கேட்டது. அந்தரங்க உரிமைக்காகப் போராடும் ஓர் அமைப்பு அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் செய்தது. சாம்சங் வாங்கிய பத்து லட்சத்தை பில்போர்டு பத்திரிகை விற்பனைப் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டது. கேட்பவர் ஒருவரும் காசு கொடுத்து வாங்காததை விற்பனை என்று எப்படிச் சொல்வது? பில்போர்டின் நிலைப்பாடு சரியானதே.

அடுத்த ஆண்டு ஆப்பிள் இன்னும் ஒருபடி மேலே போனது. 2014 செப்டம்பர் 9 அன்று யூ2 குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் இன்னொசென்ஸ்’ சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் தானாகவே சேர்க்கப்பட்டது. கேட்காமல் வந்த அன்பளிப்பைக் கண்டு மகிழ்ந்தவர்களைவிட, என் போனில் என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம் என்று கொதித்தவர்களின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. ஒரு வாரத்துக்குள் ஆல்பத்தை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனிப் பக்கம் ஒன்றைத் திறந்தது. அக்டோபரில் குழுவின் பாடகர் போனோ மன்னிப்புக் கேட்டார். எட்டு கோடிப் பேருக்கு மேல் அந்த ஆல்பத்திலிருந்து ஏதோவொரு பாட்டையாவது கேட்டதாக ஆப்பிள் கூறியது. எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இசைக்கு முன்னால் இந்தச் சண்டைதான் நினைவுக்கு வருகிறது.

பாட்டைப் போனோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த இந்த மூன்று கம்பெனிகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தோடு தொடர்பு உண்டு. நோக்கியா ஆலை வரித் தகராறில் சிக்கி, கம்பெனியின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறாமல் தனித்து நின்று, 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. சாம்சங் 2007 முதல் சுங்குவார்சத்திரம் அருகே டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் தயாரிக்கிறது. நோக்கியாவுக்குப் பாகங்கள் செய்துவந்த ஃபாக்ஸ்கானும் 2014 இறுதியில் இங்கே கதவைச் சாத்தியது. பிறகு திரும்பி வந்து 2019 முதல் ஆப்பிளின் ஐபோன்களைப் பொருத்தி அனுப்புகிறது.

இதற்கிடையில் இங்குள்ளவர்கள் பாட்டுக் கேட்கும் முறையே மாறிவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் மெமரி கார்டு மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. வல்லம் வடகாலில் ஆலைத் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அத்தகைய விடுதிகளில் ஆளுக்கொரு காதொலிப்பான், ஆளுக்கொரு யூடியூப். ஒரகடம் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா, அசாம் இளைஞர்களும் தத்தம் மொழிப் பாட்டை அதே வழியில் கேட்கிறார்கள்.

யூடியூப் ஒரு வெளியீட்டுக் களமாகும் என்பதைத் தமிழில் முதலில் பெரிய அளவில் காட்டியது ‘ஒய் திஸ் கொலவெறி டி’. முழுமை பெறாத பதிவு கசிந்துவிட்டதால், ஸ்டூடியோவில் தனுஷ் பாடும் காட்சியை 2011 நவம்பர் 16 அன்று அதிகாரபூர்வமாகவே வெளியிட்டார்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘3’ படம் திரைக்கு வந்தது 2012 மார்ச்சில். படத்தின் தோளில் ஏறி வந்த பாட்டு என்ற வழக்கம் தலைகீழானது. கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. பெண் குரலில் பதில் பாட்டு, குழந்தைகள் பாட்டு, கல்லூரிப் பாட்டு என்று தாங்களே பாடி ஏற்றினார்கள்.

படமே இல்லாத பாட்டுக்கும் இந்த வழி திறந்தது. பாதரச மாசால் பாதிக்கப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலைத் தொழிலாளர்களுக்காக சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ 2015 ஜூலை இறுதியில் ஒரு பிரசார இயக்கத்தின் பகுதியாக வந்தது. அங்கே கேட்பவரிடம் கேட்கப்பட்டது காசு அல்ல, மனுவில் கையெழுத்து. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். அந்தப் பாட்டுக்கு முன் பத்தாண்டுக்கு மேல் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் இருந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு, ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. ஒரு பாட்டால் மட்டும் நடந்தது என்று சொல்வது அந்தத் தொழிலாளர்களுக்கு அநியாயம். ஆனால் அவர்கள் பெயரை உலகம் கேட்கும்படி செய்தது அந்தப் பாட்டு.

‘என்ஜாய் எஞ்சாமி’ இந்த வழியின் உச்சம். 2021 மார்ச் 7 அன்று ‘மாஜா’ என்ற சுயாதீன இசைத்தளத்தின் யூடியூப் சேனலில் வெளிவந்தது. தீ, அறிவு பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. அறிவு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதிக தூரமில்லாத அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து, நிலமற்ற உழைப்பாளிகளின் கதையை எழுதினார். நிலம் கைமாறி ஆலைகள் எழுந்த வட்டாரத்தில் அந்தப் பொருள் யாருக்கும் புரியாமல் போகாது. பள்ளி ஆண்டு விழா முதல் கல்யாண மண்டபம் வரை ஆடினார்கள், பறை வைத்துப் பாடினார்கள். யூடியூபில் பார்வைகளின் எண்ணிக்கை 40 கோடியைத் தாண்டியது.

கேட்டவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்தில் அறிவு இல்லாததைப் பார்த்துக் கேள்வி எழுப்பினார்கள், இயக்குநர் பா.ரஞ்சித்தும் குரல் கொடுத்தார். பிறகு பத்திரிகை அறிவின் படத்தோடு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அதே கேள்வி எழுந்தது. மெமரி கார்டு காலத்தில் எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியாது. இப்போது பெயர் விடுபட்டால் கேட்பவர்களே கணக்குக் கேட்கிறார்கள். இணையம் தந்த மாற்றங்களில் மிக நல்லது இதுதான்.

பணக்கணக்கு மட்டும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. திரைப்பாடல்களின் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் உறுதிசெய்தது. சுயாதீனப் பாட்டில் எல்லாம் ஒப்பந்தத் தாளைப் பொறுத்தது. ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளியாகி மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். அந்த விவகாரம் பொதுவெளிச் சர்ச்சையானது. பாட்டு எத்தனை முறை பார்க்கப்பட்டது என்ற எண் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. வந்த வருமானம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு போனது என்ற எண்ணும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சேனலில் பாட்டை ஏற்றும் முன்பே அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது இளம் கலைஞர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.