குள்ளநரியின் பற்று வரவு

எதிர்பாராத நன்மை ஒன்று வந்துற்றால், "இன்று நரி முகத்தில் விழித்தேன்" என்று மகிழ்வது நம் நாட்டு வழக்கம். அதே நரி இரவில் கோழிக்கூட்டின் அருகே நடமாடியதாக ஐயம் எழுந்தால், "அதற்கு விஷம் வைத்தால்தான் சரிப்படும்" என்று பேசுவதும் நம் வழக்கமே. குழந்தைகளுக்கு நாம் சொல்லும் கதைகளிலோ, நரி காக்கையை ஏமாற்றி வடையைத் தின்கிறது. எட்டாத திராட்சைக்கு ஏங்குகிறது. கதையில் வரும் நரியின் ஆகாரம் நமக்கு நன்றாகத் தெரியும். நம் வயலோரத்தில் வாழும் நரி உண்மையில் எதை உண்டு உயிர் வாழ்கிறது என்பதை மட்டும் நாம் விசாரிப்பதில்லை.

ஓர் அங்கத்தினர் மீது குறை கூறப்பட்டால், சங்கத்தார் உடனே அவரை நீக்கிவிடுவதில்லை. பேரேட்டைப் புரட்டி, பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று பார்த்த பின்னரே முடிவு செய்கின்றனர். அந்த நியாயத்தை நரிக்கும் வழங்கிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இதில் நரியின் உயிர் மட்டுமன்றி, நமது களத்து நெல்லும் அடங்கியிருக்கிறது.

எந்த நரி?

முதலில் குற்றம் சாட்டப்படுவது யார் என்று தெளிவு செய்துகொள்ள வேண்டும். நரி என்ற பெயரால் நாம் இரு வேறு பிராணிகளைக் குறிப்பிடுகிறோம். ஒன்று, இருட்டியபின் கூட்டமாக ஊளையிடும் பெரிய நரி. செத்த மாட்டைத் தின்பதும், கரும்பைக் கடிப்பதும், மக்காச்சோளக் கதிரை ஒடிப்பதும் பெரும்பாலும் இதன் வேலையாகும். மற்றொன்று, இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குள்ளநரி. சேலம் மாவட்டத்தார் இதனை வங்கா நரி என்பர். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால், ஒன்றின் பழி மற்றொன்றின் மேல் விழுவது எளிதாகிவிடுகிறது.

குள்ளநரியின் எடை ஏறக்குறைய 2 முதல் 4 கிலோ வரையில்தான் இருக்கும். உடல் ஒன்றரை அடி முதல் இரண்டடி நீளம். அதற்குப் பின்னால் ஓரடி நீளமுள்ள அடர்ந்த வால். வாலின் நுனி கறுத்திருக்கும். முகம் கூர்மையாகவும், காதுகள் பெரிதாகவும் இருக்கும். அடர்ந்த காட்டை இது விரும்புவதில்லை. மேய்ச்சல் தரை, தரிசு, மானாவாரிப் புன்செய், முட்புதர் சிதறிய மேட்டு நிலம் ஆகிய வெளிகளே இதன் இருப்பிடம். அத்தகைய மேட்டில் பல வாயில்களுள்ள வளை தோண்டிக்கொண்டு, ஆணும் பெண்ணும் இணையாக வாழும். நமது விசாரணை இந்தக் குள்ளநரியைப் பற்றியதே ஆகும்.

எச்சம் காட்டும் கணக்கு

இரவில் உலவும் பிராணி எதைத் தின்றது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. குள்ளநரி தன் எச்சத்தைப் பாதையோரத்திலும், வரப்பு மேட்டிலும், கல்லின் மீதும் கண்ணுக்குத் தெரியும்படி இட்டுச் செல்லும். காய்ந்த எச்சத்தைக் கையால் தொடாமல் குச்சியால் உடைத்துப் பார்த்தால், உண்டதன் மிச்சம் அதிலேயே இருக்கக் காணலாம். பளபளக்கும் வண்டின் சிறகோடுகள், வெட்டுக்கிளியின் கால் துண்டுகள், எலியின் மயிரும் சிறு எலும்பும் பல்லும், இலந்தைக் கொட்டை ஆகியவை தென்படும். ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் இதுவே. எச்சங்களைச் சேகரித்து, கழுவி உலர்த்தி, உள்ளிருப்பவற்றை இனம் பிரித்து, மயிரிழைகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து இன்ன பிராணியினுடையது என்று கண்டறிகின்றனர்.

தமிழ்நாட்டு விலங்கியல் அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங், குள்ளநரியின் வாழ்க்கை முறையைக் கவனித்து 1978 ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். பின்னர் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில், நன்னஜ் புல்வெளியை ஒட்டிய கிராமங்களில் ஆபி தமீம் வனக் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும் குள்ளநரியின் ஆகாரத்தையும் ஊர் நாயின் ஆகாரத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரே வெளியில் திரிந்தபோதிலும் இரண்டின் உணவும் வெவ்வேறாக இருந்தன. நாய்கள் பெரும்பாலும் மனிதரை அண்டிக் கிடைக்கும் உணவையே உண்டன. குள்ளநரியோ எலியினங்களையும் பூச்சிகளையும் முதன்மையாகக் கொண்டு வாழ்ந்தது. அதாவது, நம் வீட்டு வாசலை எதிர்பார்த்து நிற்பது நாயே; குள்ளநரி தன் பிழைப்பை வயல்வெளியிலேயே தேடிக்கொள்கிறது.

பருவத்துக்கேற்ற ஆகாரம்

குள்ளநரிக்கு இன்னதுதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. அந்தந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைப்பதை உண்பதே அதன் இயல்பு. மாலை மயங்கும் நேரத்தில் வளையை விட்டுப் புறப்பட்டு, மூக்கைத் தரையோடு வைத்து, காதுகளை நிமிர்த்தி மெல்ல நடக்கும். புல்லில் சலசலப்புக் கேட்டால் நின்று, குறிபார்த்துப் பாயும். தரையடியில் புழு இருப்பது தெரிந்தால் முன்கால்களால் தோண்டி எடுக்கும்.

மழை பெய்து புல் தழைத்துவிட்டால், வெட்டுக்கிளி, தத்துக்கிளி, சில்வண்டு, சாணவண்டு ஆகியவை அதற்கு விருந்தாகும். மண்ணிலிருந்து ஈசல் புறப்படும் மாலையில், எலியைத் தேடும் வேலையையும் மறந்து, புற்றருகே நின்று ஈசலையும் கறையானையும் நக்கித் தின்னும். நீர் தேங்கிய இடங்களில் நண்டும், காய்ந்த இடங்களில் ஓணானும் பல்லியும் கிடைக்கும். சிறு பாம்பையும் அது விட்டுவைப்பதில்லை.

மார்கழி, தை மாதங்களில் இலந்தை பழுக்கும்போது, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்னும். வேம்பு பழுக்கும் காலத்தில் வேப்பம்பழம், நாவல் உதிரும் காலத்தில் நாவற்பழம், ஆலமரத்தடியில் ஆலம்பழம், கொன்றை மரத்தடியில் கொன்றைக் காய் என்று மரங்களும் அதற்குப் படியளக்கின்றன. இலந்தைக் கொட்டை செரிமானமாகாமல் எச்சத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கிறது. யாரும் நடாத தரிசு மேட்டில் இலந்தைச் செடி தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இத்தனைக்கும் நடுவே, ஆண்டு முழுவதும் அதன் ஆகாரத்தில் இடம் பெறுவது எலியாகும். வெள்ளெலி, வயல் சுண்டெலி, வரப்பில் வளை தோண்டும் எலி ஆகியவற்றை அது தேடிப் பிடிக்கிறது. மாசி முதல் சித்திரை வரையிலான காலத்தில் குள்ளநரி குட்டி ஈனும். பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள் பிறக்கும். தாயும் தந்தையும் இரண்டுமே குட்டிகளைப் பேணுகின்றன. அறுவடை முடிந்து கதிர் சிந்திய வயலில் எலிகள் திரியும் அந்நாட்களில்தான் நரி வளையில் தின்னும் வாய்களும் பெருகுகின்றன.

எலி நமக்குச் செய்யும் தீங்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நெற்கதிரை அறுத்து வளைக்குள் சேமிக்கும் வழக்கம் வரப்பெலிக்கு உண்டு என்பதை எலி வளை வெட்டி நெல் எடுப்போர் நன்கறிவர். சூலுற்று மூன்று வாரமளவில் குட்டி ஈனும் இனம் அது. இன்று தப்பிய ஒரு பெண் எலி அடுத்த போகத்துக்குள் ஒரு குடும்பமாகிவிடும். கஞ்சியிட்ட பாவை எலி கடித்துவிட்டால் எத்தனை நாள் உழைப்பு வீணாகும் என்பதை நெசவாள அன்பர்களைக் கேட்டால் சொல்வர்.

பற்றுப் பக்கம்

கணக்கென்றால் இரு பக்கமும் எழுத வேண்டும். இரவில் அடைக்காமல் விட்ட கோழியையும் குஞ்சையும் குள்ளநரி கவ்விச் செல்வதுண்டு. காடை, கௌதாரி முதலிய தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையைத் தின்பதுண்டு. கொண்டைக்கடலைக் காயையும் கடித்துத் தின்னும். இவற்றை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் ஆட்டுக்குட்டி ஒன்று இறந்து கிடந்தால், உடனே குள்ளநரியைக் குற்றவாளி ஆக்குவதும் நேர்மையன்று. 3 கிலோ எடையுள்ள பிராணி எவ்வளவு பெரிய இரையை வீழ்த்த முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய சேதத்தில் கூட்டமாகத் திரியும் தெருநாய்களையே முதலில் ஐயுறுவது பொருத்தம். அந்நாய்கள் குள்ளநரியையும் துரத்திக் கொல்கின்றன. வெறிநோய் முதலிய நோய்களையும் அதற்குத் தொற்றச் செய்கின்றன. நாய் இருக்கும் இடத்தில் குள்ளநரி நிம்மதியாக இரை தின்பதில்லை என்பதும் ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

குள்ளநரி ஒன்றே ஊரின் எலிகளை எல்லாம் ஒழித்துவிடும் என்று சொல்வதும் மிகையாகும். ஆந்தை, சாரைப்பாம்பு, கீரி ஆகியவற்றோடு சேர்ந்து, கூலியின்றி நாள்தோறும் வேலை செய்யும் ஒரு பங்காளி என்று அதனைக் கருதுவதே அளவான மதிப்பாகும்.

விஷம் யாரைச் சேர்கிறது?

குள்ளநரிக்கென்று இறைச்சியில் விஷம் வைப்பது சட்ட விரோதம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பிராணிக்குப் பாதுகாப்பளிக்கிறது. இதனைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றமாகும். பொங்கலையொட்டிச் சேலம் மாவட்டத்தின் சில ஊர்களில் வங்கா நரியை வலையிட்டுப் பிடித்து ஊர்வலம் விட்டுத் திருப்பி விடும் பழைய வழக்கத்தையும் வனத்துறையினர் இக்காரணம் பற்றியே தடுத்து வருகின்றனர்.

நரிக்கு விஷம் வைக்க எண்ணாத நல்லோரும் அறியாமலே அதனைக் கொல்ல நேர்கிறது. எலிக்கு வைக்கும் புரோமடியலோன் போன்ற மருந்து, எலியை உடனே கொல்வதில்லை. மருந்துண்ட எலி சில நாட்கள் தளர்ந்து திரிந்த பின்னரே சாகிறது. தளர்ந்த எலி எளிதில் அகப்படும் இரை. எலியின் உடலில் தங்கிய மருந்து அதனைத் தின்ற நரியையும் ஆந்தையையும் சேர்கிறது. எலியோ விரைவில் பெருகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஈனும் குள்ளநரி அவ்வாறு பெருகாது. அடுத்த ஆண்டு எலி மிகும்போது பிடிப்பாரின்றி, நாம் மருந்தை இரட்டிப்பாக வாங்க நேரும். முதலைச் செலவிட்டு வட்டியை எதிர்பார்ப்பது போன்ற காரியம் இது.

விஷம் ஒருபுறமிருக்க, இருப்பிடம் பறிபோவது அதனினும் பெரிய இடையூறு. மேய்ச்சல் புறம்போக்கு பல இடங்களில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேறு சில இடங்களில் வீட்டு மனையாகிவிட்டது. வெளி குறைந்தால் வெளியில் வாழும் பிராணியும் குறையும் என்பதில் ஐயமில்லை.

நாம் செய்யத்தக்கவை

கோழிகளை அந்தி சாய்ந்ததும் உறுதியான கூட்டில் அடைத்து, கதவுக்குத் தாழிடுக. கூட்டின் அடிப்பக்கத்தைக் கல்லோ கம்பி வலையோ கொண்டு பந்தோபஸ்து செய்தால், தோண்டி நுழைய வழியிராது.

எலியைப் பிடிக்கத் தஞ்சாவூர்க் கிட்டி முதலிய பொறிகளை முதலில் கையாளுக. மருந்து வைத்தே தீர வேண்டிய நிலை ஏற்பட்டால், நாள்தோறும் காலையில் வயலைச் சுற்றிப் பார்த்து, செத்த எலிகளையும் மீந்த மருந்துணவையும் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுக.

மேட்டு நிலத்தில் நரி வளை தென்பட்டால், குட்டிகள் இருக்கும் மாசி முதல் ஆனி வரையிலான மாதங்களிலாவது அதனை உழுதழிக்காமலும் புகை போடாமலும் விட்டுவைக்குக. ஊர் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவிக்குக. பட்டப்பகலில் அச்சமின்றி மனிதரை நெருங்கும் நரியைக் கண்டால், அது நோயுற்றதாக இருக்கக்கூடும். அதனை அணுகாமல் வனத்துறையினருக்குத் தெரிவிக்குக.

இவற்றுள் எலி ஒழிப்பு, ஒருவர் மட்டும் செய்தால் பயன் தராது. ஒருவர் வயலில் துரத்திய எலி அடுத்தவர் வரப்பில் குடியேறும். ஆயக்கட்டு முழுவதும் ஒரே வாரத்தில் கிட்டி வைப்பது என்று எல்லோரும் கூடி முடிவு செய்தால்தான் பலன் கிட்டும். தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கே நாம் சங்கம் அமைத்துக்கொண்டோம். அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து அங்கத்தினர்கள் விவாதிப்பது நலம்.

அதற்கு முன்பாக, ஒரு நாள் காலையில் வயலுக்குச் செல்லும்போது வரப்பு மேட்டைச் சற்றுக் கவனித்துச் செல்லுங்கள். காய்ந்த நரி எச்சம் ஒன்று கிடைத்தால், குச்சியால் கிளறிப் பாருங்கள். கோழி இறகு எத்தனை, எலியின் பல் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பார்த்து, பற்று வரவை நேர் செய்துகொள்ளலாம்.