சிறுநீரகக் கல் நோயில் அணுக்கரு மருத்துவப் படிமவியல்

சிறுநீரக அணுக்கருப் படிமவியல் என்பது மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தி, அது சிறுநீரகங்களில் சேர்வதையும் வெளியேறுவதையும் காமா கேமரா மூலம் பதிவு செய்யும் பரிசோதனை ஆகும். மருத்துவமனை வழக்கில் இது ‘ரீனல் ஸ்கேன்’ அல்லது ‘டி.டி.பி.ஏ. ஸ்கேன்’ எனப்படுகிறது. கல் எங்கே உள்ளது, எவ்வளவு பெரியது என்பதை அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் காட்டுகின்றன. கல்லால் அடைபட்ட சிறுநீரகம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இப்பரிசோதனை அளவிடுகிறது. நெடுநாள் அடைப்பில், கல்லை மட்டும் எடுப்பதா, சிறுநீரகத்தையே அகற்றுவதா என்ற முடிவுக்கு இந்த அளவீடு முக்கிய அடிப்படையாகும்.

வெப்பமும் கல்லும்

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரும்பு உருக்காலைகளும் கம்பி உருட்டாலைகளும் உள்ளன. உலையருகே வேலை செய்வோர் உடல்நீரைப் பெருமளவு வியர்வையாக இழக்கின்றனர். குடிக்கும் நீர் அதை ஈடு செய்யாவிட்டால் சிறுநீர் குறைந்து அடர்த்தியாகும். அப்போது அதில் கரைந்துள்ள கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் ஆகியவை படிகங்களாகிக் கல்லாக வளர வாய்ப்புண்டு.

தென்னிந்திய இரும்பு ஆலைத் தொழிலாளர்களிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. 91 பேருக்கு அதில் அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டது. அவர்களில் 27 விழுக்காட்டினருக்குக் கல்லோ சிறுநீரக அமைப்பில் மாற்றமோ காணப்பட்டது. இவர்களுள் பெரும்பாலோர் வெப்பமான பணியிடங்களில் வேலை செய்தவர்கள்.

வலி நின்ற பிறகு

கல் சிறுநீர்க்குழாயை அடைக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுவதால் கடும் வலி உண்டாகிறது. அடைப்பு நீடித்தால் அந்தச் சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்து வலியும் குறைகிறது. கல் வெளியேறிவிட்டது என்று எண்ணி நோயாளி வேலைக்குத் திரும்பிவிடுவார். கல்லோ அதே இடத்தில் இருக்க, வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்ல வடிகட்டும் திசு மெலிகிறது. மற்றொரு சிறுநீரகம் சுமையை ஏற்றுக்கொள்வதால் இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் இயல்பாகவே இருக்கக்கூடும். இந்நிலையில் இரண்டு சிறுநீரகங்களின் வேலையையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதே அணுக்கருப் படிமத்தின் பயன்.

பயன்படும் மருந்துகள்

இம்மருந்துகளில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க ஐசோடோப்பு சேர்க்கப்படுகிறது. அதனுடன் இணையும் சேர்மத்தைப் பொறுத்து மருந்தின் பணி மாறுபடும்.

டி.டி.பி.ஏ.: குளோமருலஸ் வழியே வடிகட்டப்படுகிறது. வடிகட்டும் திறனையும் அடைப்பையும் அறிய உதவும்.

எம்.ஏ.ஜி.3, இ.சி.: சிறுநீரக நுண்குழல்களால் சுரக்கப்படுகின்றன. செயல்திறன் குறைந்த சிறுநீரகத்தில் தெளிவான படம் தரும்.

டி.எம்.எஸ்.ஏ.: சிறுநீரகப் புறணியில் தங்குகிறது. கிளைத்த பெரிய கற்களாலும் தொற்றாலும் ஏற்பட்ட தழும்புகளைக் காட்டும். மருந்து செலுத்தி 2 முதல் 3 மணி நேரம் கழித்துப் படம் எடுக்கப்படும்.

செய்முறை

டி.டி.பி.ஏ. பரிசோதனைக்குப் பொதுவாக வெறும் வயிறு தேவையில்லை. நோயாளி போதிய நீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்க வேண்டும். மருந்து செலுத்திய நொடியிலிருந்து ஏறத்தாழ அரை மணி நேரம் தொடர்ந்து படங்கள் பதிவாகின்றன. சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு ஊசியும் போடப்படும். மருந்தில் பாதி 10 நிமிடத்துக்குள் வெளியேறினால் அடைப்பு இல்லை என்றும், 20 நிமிடத்துக்கு மேலானால் அடைப்பு உண்டு என்றும் பொதுவாகக் கொள்வர். இடைப்பட்டது ஐயத்துக்குரியது.

முடிவைப் படித்தல்

ஒவ்வொரு சிறுநீரகத்தின் பங்கும் விழுக்காட்டில் தரப்படும். 45 முதல் 55 வரை இயல்பானது. ஒரு சிறுநீரகத்தின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் கீழே இருந்து, மற்றொன்று நன்றாக இருந்தால், அகற்றுவது குறித்து மருத்துவர்கள் ஆலோசிப்பர். ஆயினும் அடைபட்ட நிலையில் எடுத்த ஒரே படத்தை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதில்லை. ஸ்டென்ட் வைத்தோ முதுகுப்புறம் குழாய் செருகியோ சிறுநீரை வடியவிட்டு, சில வாரங்கள் கழித்து மீண்டும் அளப்பர். செயலிழந்ததாகத் தோன்றிய சிறுநீரகம் ஓரளவு மீள்வதும் உண்டு.

இங்கு விழுக்காடு என்பது ஒப்பீடு மட்டுமே. 50:50 என்று வந்தால் இரண்டும் நலமாக உள்ளன என்று பொருளல்ல, இரண்டும் ஒரே அளவில் பழுதடைந்தும் இருக்கலாம். எனவே மொத்த வடிகட்டும் வீதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செயல்திறன் மிகக் குறைந்த சிறுநீரகத்தில் ஃபுரோசமைடு சரியாக வேலை செய்யாததால், அடைப்பு இல்லாதபோதும் வெளியேற்றம் தாமதமாகத் தோன்றலாம்.

கிடைக்கும் இடங்கள்

டெக்னீசியம்-99எம்மின் அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம். ஒரு நாள் கழிந்தால் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். ஆகவே இதைச் சேமித்து வைக்க முடியாது. அரைவாழ்வு 66 மணி நேரமுள்ள மாலிப்டினம்-99 அடங்கிய ஜெனரேட்டரிலிருந்து மருத்துவமனையிலேயே தேவைக்கேற்பப் பிரித்தெடுக்க வேண்டும். இச்செயலைப் ‘பால் கறத்தல்’ என்றே துறையினர் குறிப்பிடுவர். இந்தியாவில் நவி மும்பையிலுள்ள கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் இவற்றை வழங்குகிறது. மையம் நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் தேவை. இக்காரணங்களால் இவ்வசதி பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில் அமைகிறது. திருவள்ளூர் பகுதி மக்களுக்குச் சென்னையும், மேற்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் எட்டக்கூடிய இடங்கள்.

பாதுகாப்பு

டி.டி.பி.ஏ. பரிசோதனையின் கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவெர்ட், வழக்கமான வயிற்றுச் சி.டி. ஸ்கேனைவிடக் குறைவு. அயோடின் கலந்த சாய மருந்து இதில் இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பரிசோதனைக்குப் பின் நிறைய நீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து விரைவில் வெளியேறும்.

கல் வலி வந்து தானாக அடங்கியவர்கள், கல் வெளியேறியதை ஸ்கேன் மூலம் உறுதி செய்துகொள்வது அவசியம். கல் அங்கேயே இருந்து சிறுநீரகம் வீங்கியிருப்பதாகத் தெரிந்தால், அதன் செயல்திறனை அளக்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.